ஏழாம் எண் வீட்டில் திறந்திருக்கும் குழாய்

பாதித் தையலில் மெஷின் நின்றது.

எங்கோ ஓர் ஆபீசின் கேட்கும் அறையில் அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஏழாம் எண் வீட்டுத் தையல்காரியை நாற்பது நாளாகக் கேட்டு வருகிறாள். முகம் தெரியாது, தெரு தெரியாது, குணம் மட்டும் அத்துப்படி. வாசலில் யார் வந்து நின்றாலும், ஓட்டுகிற தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுத்தான் அந்த மகராசி எழுந்திருப்பாள். இன்று பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, துணி ஊசியில் மாட்டிக்கொண்டிருக்கும்போதே எழுந்துவிட்டாள்.

குண்டு வைக்கிற கும்பலுக்குக் கடிதம் வாங்கிக் கொடுப்பவள் என்று தையல்காரி மேல் சந்தேகம். அதனால் அவள் வீட்டில் மைக். காதில் விழும் ஒவ்வொரு சத்தத்தையும் நேரம் போட்டு எழுதுவது கேட்பவளின் வேலை. இருமினால் இருமல், ஏப்பம் விட்டால் ஏப்பம். டேப்பும் ஓடும்; ஆனால் எழுதியதைத்தான் மேலே படிப்பார்கள். எழுதாத சத்தம் நடக்காத சத்தம். வெளிச் சத்தம் நுழையாத அந்த அறைக்கு இரண்டு கதவுகள்; உள்கதவில் கண்ணாடி. நடுவில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே வர வேண்டும். வேலை நேரம் முடியும்வரை வெளிக்கதவை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். அது திறந்தால் மேசைக்கு மேலே ஒரு சிவப்பு பல்ப் எரியும். உள்ளே இருப்பவள் கத்தினாலும் வெளியே ஒரு ஈக்குக்கூடக் கேட்காது.

ஹெட்போனில் தாழ்ப்பாள் விலகியது. அப்புறம் அந்தச் சத்தம்.

டொக். டொக்.

இடது ஷூவைக் கழற்றிச் சுவரில் இரண்டு தட்டு. வலது ஷூவுக்குச் சத்தமே இல்லை.

இது நான்காவது முறை. அந்தத் தட்டலை அவள் தன் வீட்டு வாசலில் எத்தனையோ சாயங்காலம் காத்திருந்து கேட்டிருக்கிறாள். அவன்தான். இதே ஆபீசில் வீடுகளுக்குள் மைக் வைக்கிறவன்; வாசலில் காவல் நிற்கும் ஆட்களும் அவனைத் தடுக்க மாட்டார்கள். அடுத்த மாதம் அவள் கழுத்தில் தாலி கட்டப்போகிறவன். முதல் மூன்று முறையும் அவள், 'பக்கத்து வீட்டுச் சத்தம்' என்று எழுதினாள். இன்னொருத்தியைத் தேடிப் போகிறான் என்றுதான் நினைத்தாள். உள்ளதை எழுதினால் மேலதிகாரி படிப்பார், மறுநாள் கான்டீனே கைகொட்டிச் சிரிக்கும். அவனிடம் சண்டை போடவும் வழியில்லை; எந்த வீட்டைக் கேட்கிறோம் என்று யாரிடமும் மூச்சு விடக்கூடாது. தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதுவிட்டு வேலைக்கு வந்தாள், அவ்வளவுதான்.

"இனிமே கடுதாசி வாங்க மாட்டேன்," என்றாள் தையல்காரி. "குண்டு வெடிக்கும்னு யாரும் என்கிட்ட சொல்லல. நாளைக்கே போலீசுக்குப் போறேன். உங்க பேரையும் சேர்த்துத்தான் சொல்லுவேன்."

"சொல்லேன். நானா தடுக்கறேன்?" என்றான் அவன். எவ்வளவு கனிவான குரல்.

கடவுளே, இது கள்ளக்காதலாகவே இருந்திருக்கக்கூடாதா.

நாற்காலி சாய்ந்தது. வாய் மூடப்பட்ட ஒரு முனகல். குதிகால் தரையில் அடித்துக்கொண்டது, வேகமாக, பிறகு மெதுவாக. பிறகு ஒரே ஒரு தடவை. அதற்கப்புறம் அடிக்கவில்லை. குழாய் திறந்தது. கை கழுவும் சத்தம். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

மேசைத் தொலைபேசியில் மேலதிகாரியின் எண்ணை மூன்று தடவை தப்பாக அழுத்தி, நான்காவதில் பிடித்தாள்.

"சார், ஏழாம் எண் வீட்டுல கொலை. உடனே ஆள் அனுப்புங்க."

"என்னம்மா சொல்றே? அங்க காவலுக்கு நின்னவங்களை நேத்தே எடுத்தாச்சே. நாற்பது நாளா துணி தைக்க வந்தவங்களைத் தவிர யாருமே வரலைன்னு நீதானே எழுதிக் கொடுத்தே?"

மேசையிலிருந்த பதிவேட்டைப் பின்னால் புரட்டினாள்: 'பக்கத்து வீட்டுச் சத்தம்', மூன்று இடத்தில்.

"சரி, பதறாதே. டேப்பைப் பத்திரமா வச்சுக்கோ. உன் மாப்பிள்ளை அந்தப் பக்கம்தான் இருக்கான். அவனைப் பார்க்கச் சொல்றேன். அப்படியே வந்து உன்கிட்ட டேப்பை வாங்கிப்பான்."

"ஐயோ, வேண்டாம் சார், அவர்தான்..."

வைத்துவிட்டிருந்தார். மறுபடி அழுத்தினாள். எண் பிஸியாக இருந்தது.

அதே நொடி, ஹெட்போனுக்குள், அந்த வீட்டில், ஒரு செல்போன் அடித்தது.

"சொல்லுங்க சார்," என்றான் அவன். "அடப்பாவமே. இதோ, அந்த வீட்டை எட்டிப் பார்த்துட்டு, பத்து நிமிஷத்துல ஆபீசுல இருப்பேன். அவ அறைச் சாவியை செக்யூரிட்டிகிட்ட வாங்கிக்கறேன்."

காலடிகள் நெருங்கின. மைக்கின் மேல் மூச்சு பட்டுக் கரகரத்தது.

"காதுக்காரி," என்றான். அவன் மட்டும் கூப்பிடும் பெயர். "சாப்பிட்டியா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனுக்குக் கேட்காது என்று தெரியும். இருந்தும் பொத்திக்கொண்டாள்.

"இந்த மைக் உன் அறைக்குத்தான் போகுதுன்னு வச்சவன் எனக்குத் தெரியாதா? உனக்குக் கேட்கட்டும்னுதான் தட்டினேன். மூணு தடவையும் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கல. அப்பவே புரிஞ்சுது, நீ எழுதலைன்னு. தங்கம்டி நீ. இதையும் எழுத மாட்டே, இல்ல?"

கதவு சாத்தப்பட்டது. குழாயை மூடாமலே போய்விட்டான்.

அவள் எழுதினாள். நேரம் போட்டு, அவன் பெயரை முழுசாக எழுதினாள். தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகினாள். மேலதிகாரியை மறுபடி அழைத்தாள்; மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வெளிக்கதவைக் கை வலிக்கத் தட்டினாள். கத்தினாள். திரும்பி வந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு தொலைபேசியை மறுபடி எடுத்தாள். எட்டு நிமிஷம். ஒன்பது.

சிவப்பு பல்ப் எரிந்தது.

உள்கதவின் கண்ணாடிக்கு அப்பால், அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில், யாரோ குனிந்தார்கள். ஒரு கை. அதில் ஈரமான இடது ஷூ. கை அதைச் சுவரில் தட்டியது.

ஒரு முறை. இரண்டு முறை.

சத்தமே வரவில்லை. மேசையில் கிடந்த ஹெட்போனில் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.