காரிநங்கை கேட்ட ஈடு

வெள்ளாற்றின் தென்கரையில் அந்திச் செம்மை மங்கிக் கீழ்வானில் முழுமதி எழுந்தபோது, அந்த நிலவை ரசிக்கும் நிலையில் பொன்னெறிப்பட்டினத்தார் ஒருவரும் இல்லை. அக்கரையில் அரசரின் படை பாசறை அமைத்திருந்தது. அங்கே மின்னிய வேல்முனைகளைக் கண்டு ஊரே கதவடைத்துக்கொண்டது. தெருநாய்கள்கூட அன்று வாயைத் திறக்கவில்லை.

படை பகைவனைப் பிடிக்க வந்தது என்றா நினைக்கிறீர்கள், அன்பு வாசகர்களே? அது ஒரு பூட்டைப் பிடிக்க வந்தது! வணிகர் குழுவின் மாளிகைக்கு அடியிலிருந்த நிலவறையில், உழவரும் நெசவாளரும் கைம்பெண்களும் நம்பி ஒப்படைத்த பொன் இருந்தது. விடிந்ததும் அது அரண்மனைப் பண்டாரத்தோடு சேர்க்கப்படும் என்பது அரசாணை.

ஆணையைச் சுமந்துவந்த தூதன் குவாவன், ஒரே ஒரு மெய்க்காவலனுடன் வணிகர் தலைவரின் மகள் காரிநங்கையின் முன் நின்றான். தந்தை நோயில் விழுந்தபின் நிலவறைச் சாவி அவளிடம்தான் இருந்தது. ஓராண்டாக வந்துபோகும் இந்தத் தூதனிடம் அவள் மனத்தைப் பறிகொடுத்திருந்தாள் என்பதையும் நாம் மறைப்பானேன்?

"சாவியைத் தந்துவிடுங்கள், தேவி! ஊரார் பொன்னில் ஒரு பங்கைத் தங்கள் தந்தையார் மரக்கலங்களில் முடக்கினார். கலங்களைப் புயல் கொண்டுபோயிற்று. மீதியையாவது அரசர் காக்க வேண்டாமா?"

காரிநங்கையின் முகம் கன்றியது. "அந்தப் பழியை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐயா, என் தந்தை பொன்னைத் தர மறுத்தால் ஊரார் அரசரிடம் முறையிடுவார்கள். அரசரே தர மறுத்தால் யாரிடம் போவார்கள்?"

வடக்கே போர் மூளவிருப்பதும், படைக்குக் கொடுக்கப் பண்டாரத்தில் பொன் இல்லாததும் குவாவனுக்குத் தெரியும்.

"போர் முடிந்ததும் திருப்பித் தரப்படும். என் உயிர்மேல் ஆணை!"

"எங்களிடமிருந்து பொன் கொண்டுபோகிறவர் எவரும் ஈடு வைக்காமல் போவதில்லை. அரசருக்கு மட்டும் தனி வழக்கம் கிடையாது."

அவன் தயங்கினான். பிறகு கச்சையிலிருந்து அரச முத்திரை மோதிரத்தை எடுத்து நீட்டினான். "இது போதுமா? நான் தூதன் அல்ல, நங்கையே. இளவரசன் மானகம்பீரன்."

ஓராண்டுப் பழக்கமும் பொய்ப் பெயரிலா! அவள் கண்களில் நீர் முட்டியது. ஆயினும் மோதிரத்தை அவள் தொடவில்லை, கைகளைத் தட்டினாள். தூண்களின் மறைவிலிருந்து குழுவின் காவல் வீரர்கள் உருவிய வாள்களுடன் வந்து இளவரசனைச் சூழ்ந்தார்கள்.

அவள் மெய்க்காவலன் பக்கம் திரும்பினாள். "அரசரிடம் போய்ச் சொல்லுங்கள். படை ஆற்றைக் கடக்க வேண்டாம். பொன்னை நாங்களே படகேற்றி அனுப்புகிறோம். கடைசிக் கைம்பெண்ணின் பொன்னும் திரும்பி வரும்வரை, ஈடாக இளவரசர் இங்கே இருப்பார்."

காவலன் ஓடினான். மானகம்பீரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொன் வராவிட்டால்?"

"மீட்கப்படாத ஈட்டை உலையில் உருக்குவதுதான் எங்கள் வழக்கம், இளவரசே" என்றாள் காரிநங்கை. அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் குரல் நடுங்கவில்லை.