எண்ணெய் மிதந்த தண்ணீர்

"நாளைக்குக் காலையில பத்திரப்பதிவு சார். அந்தப் பின்னறையில அடிக்கிற நாத்தம் என்னன்னு தெரியாம கையெழுத்துப் போட மனசு வரலை," என்றாள் தையல்காரம்மா, உட்காராமலே.

இருபத்திரண்டு வருடம் மிஷினை மிதித்துச் சேர்த்த பணத்தில் வாங்கப்போகும் வீடு. பதைப்பு இருக்காதா பின்னே! எல்லோரும் 'நிதானம்' என்று கூப்பிடும் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கண்ணாடியைத் துடைத்தார். அவருடைய பழைய ஏட்டு அதற்குள் செருப்பையே மாட்டிவிட்டார்.

"விக்கிறவர் என்ன சொல்றார்?"

"விக்கிறவர் பிளம்பர். அவரோட அண்ணன் மூணு மாசம் முன்னாடி வீட்டைப் பூட்டிட்டு வெளியூர் போயிட்டாராம். முந்தாநாள் எனக்குக் காட்டத்தான் இவர் முதல் தடவையாத் திறந்தாராம். பூட்டிக் கிடந்த வீட்டுல சாக்கடை வாடை வரத்தான் செய்யும்னு சிரிக்கிறார்." கொஞ்சம் தயங்கினாள். "அந்த அண்ணன் பஸ் கண்டக்டர், எனக்கு வாடிக்கை. ரெண்டு சட்டை தைக்கக் கொடுத்தார். ஒண்ணைப் போட்டுக்கிட்டே போனார். இன்னொண்ணை சாயங்காலம் வாங்கிக்கிறேன்னவர் ஆளையே காணோம்."

"அவருக்கு வீட்டை விக்க இஷ்டமா?"

"ரெண்டு பேருக்கும் பொதுவான வீடு. செத்தாலும் விக்கமாட்டேம்பார். இப்போ சம்மதம்னு கையெழுத்துப் போட்ட பத்திரம் மட்டும் அனுப்பியிருக்காராம்."

மூவரும் போனபோது, அந்த வீட்டு வாசலில் பிளம்பர் கருவிப்பையோடு வாயெல்லாம் பல்லாக நின்றான். நிதானம் நேரே குளியலறைக்குப் போய், தண்ணீர் வடியும் துவாரத்தின் சல்லடையைத் தூக்கி, விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். பின்னறையில் நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஒரே சுவரில் இரண்டு அலமாரிகள்.

"அளவு நாடா இருக்காம்மா?"

"அது இல்லாம நான் எங்கே போவேன்!" அளந்தாள். ஒன்று இரண்டரை அடி ஆழம். மற்றது முக்கால் அடிகூட இல்லை.

"சாக்கடை வாடை எப்ப வரும் தெரியுமா ஏட்டு? குழாய் வளைவுல நிக்கிற தண்ணிதான் அதுக்கு மூடி. பூட்டிக் கிடந்தா தண்ணி காஞ்சு வாடை மேல வரும். இங்கே காயவே இல்லை. ஏன்னா, அது மேல எண்ணெய் மிதக்குது." நிதானம் பிளம்பர் பக்கம் திரும்பினார். "ரொம்ப நாள் பூட்டப்போற வீட்டுல பிளம்பருங்க செய்யற வேலை அது. கண்டக்டருக்கு அந்த யோசனை வராது. மூணு மாசம் முன்னாடி வீட்டைப் பூட்டினது நீங்கதான் தம்பி. மனசு ஆயிரம் பொய் யோசிச்சுது, கை மட்டும் பழக்கத்தை விடலை."

மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்து, ஆழம் குறைந்த அலமாரியின் பின்சுவரை நோக்கி ஏட்டு ஓங்கியதுதான் தாமதம், பிளம்பர் பையிலிருந்து பெரிய ரெஞ்சை உருவி அவர் தோளில் இறக்கினான். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அடுத்த அடி நிதானத்தின் மண்டையை நோக்கி வந்தது. தையல்காரம்மா யோசிக்கவேயில்லை, இடுப்பில் செருகியிருந்த கத்திரிக்கோலை அவன் புறங்கையில் பாய்ச்சினாள். முனை உள்ளங்கையில் வெளியே வந்தது. ரெஞ்சு விழுந்தது, ரத்தம் சுவரெல்லாம் தெறித்தது. நிதானம் அவன் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தினார்.

"விக்கமாட்டேன், விக்கமாட்டேன்னே நின்னான்!" என்று அலறினான் பிளம்பர். "ஒரே ஒரு அடிதான் அடிச்சேன்!"

ஏட்டு ஒற்றைக் கையாலேயே இடித்தார். செங்கல் சரிந்தது. உள்ளே ஒருவன் முழங்காலைக் கட்டியபடி உட்கார வைக்கப்பட்டிருந்தான். மண்டை ஓடு நொறுங்கிக் கிடந்தது.

"ஒரு அடியா?" என்றார் நிதானம். "எண்ணிப் பாருடா, பாவி!"

தையல்காரம்மா மூக்கைப் பொத்தவில்லை. கறை படிந்து கிழிந்த நீலச் சட்டையையே பார்த்தாள். சில்லறை போட்டுக்கொள்ள கண்டக்டர் கேட்டாரே என்று அவள் உள்பக்கம் வைத்த இரட்டைப் பை, போட்ட தையல் விடாமல் அப்படியே இருந்தது. அடக்க முடியாமல் அழுதாள்.

"வீடு உங்களுக்கு..." என்று ஆரம்பித்தார் ஏட்டு.

"வேண்டாங்க. அந்த இன்னொரு சட்டை தேய்ச்சு கடையில மாட்டியிருக்கு. ஓடிப்போய் எடுத்துட்டு வர்றேன்," என்றாள் அவள். "இந்தக் கிழிசலோட அண்ணனை அனுப்பிடாதீங்க சார்."