விற்று வாங்காத பிள்ளை

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு மேசன் வேலைக்கு மிஸ்டர் டொய்ல் வந்து இறங்கியபோது மெல்பேர்ணின் நோர்த்கோட் தெருவில் பனிப்புகார் இன்னும் கலையவில்லை. கமலினி யன்னல் திரையை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்தாள். ஒரே ஆள்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தோளில் மடித்த கித்தான், கையில் கருவிப்பெட்டி. வாகனத்துக்குள் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

உள்ளே விடுமுன் அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் கணவன் கதிர்காமநாதன் வேலைக்குப் போயிருந்தான். பார்த்தாள். பெயர் சரி. ஆனாலும் முன்பின் தெரியாத வெள்ளைக்காரனோடு பகல் முழுக்கத் தனியே இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. நகைப்பெட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஏழு மாதக் குழந்தை வைதேகியைத் தோளிலிருந்து இறக்கவேயில்லை.

எல்லாம் அந்தக் குழந்தைக்காகத்தான். வீடு முதலாம் உலகப் போருக்கு முன் கட்டியது. முன்னறையில் செங்கல்லால் கட்டிய கணப்படுப்பு இருந்தது. அதில் விறகு எரித்துத்தான் குளிர்காலத்தைச் சமாளித்தார்கள். புகை பிள்ளையின் நெஞ்சில் இறங்கி இழுப்பாக மாறிவிட்டது. அடுப்பை இடித்துவிட்டுக் காஸ் ஹீற்றர் பூட்டாவிட்டால் 1976ஆம் ஆண்டுக் குளிரை இந்தப் பிள்ளை தாண்டுவது கஷ்டம் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அடுப்புக்கு மேலே இருந்த தட்டுத்தான் அதுவரை அவர்களுடைய சாமித்தட்டு. முந்திய நாள் மாலை படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படுக்கையறைக்குக் கொண்டுபோனாள். கடைசிப் படத்தை எடுத்தபோது சுவர் சுட்டது. அடுப்பு அணைந்து நான்கு நாள். தன் கைதான் சூடாக இருந்ததோ என்று மற்றக் கையாலும் தொட்டுப் பார்த்தாள்.

சுட்டது.

டொய்ல் கித்தானை விரித்தார். உளியும் சுத்தியலும் பேசத் தொடங்கின. கமலினி குசினியில் பருப்பு அவித்தபடி சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தாள். பத்து மணிபோல் சுத்தியல் நின்றது. டொய்ல் யாரோடோ பேசுவது கேட்டது. மரியாதையான, தாழ்ந்த குரல். பிறகு ஒரு இடைவெளி. பிறகு, பதில் கேட்டவர் போல், மறுபடியும் அவர் குரல்.

அவள் போய்ப் பார்த்தாள். அறையில் அவர் ஒருவர்தான். கரித்தூள் மணத்தோடு ஈரக் கம்பளி மணமும் கலந்திருந்தது.

குடித்திருக்கிறானோ என்று சந்தேகம் வந்தது. அவர் வெளியே போன சமயம் அவருடைய தேநீர்க் குடுவையைத் திறந்து மணந்தாள். வெறும் தேநீர். தெருவுக்குப் போய் வாகனத்தின் பின்பக்கக் கண்ணாடியாலும் எட்டிப் பார்த்தாள். செங்கல், சீமெந்துப் பை, குழாய்கள். யாரும் இல்லை. கணவனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“இஞ்சருங்கோ, இந்த மனுசன் முன்னறையிலை ஆரோடையோ கதைக்குது.”

“தன்னோடை தானே கதைக்கிறாராக்கும். நானும் சவரம் எடுக்கேக்கை கதைக்கிறனான்தானே.”

“நீங்கள் கதைச்சுப்போட்டு மறுமொழிக்குக் காத்து நிக்கிறேல்லை.”

அவன் சிரித்தான். “நீர் அவருக்கு ஒரு பிளேன்ரீ குடும், எல்லாம் சரிவரும்” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டான்.

தேநீர் கொண்டுபோனபோது டொய்ல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தயங்கித் தயங்கி, தூசி இனி அதிகமாகும், அந்தப் பெண்ணை வேறு அறையில் போய் இருக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டார். எந்தப் பெண் என்றாள் கமலினி. யன்னலோரக் கதிரையில் முதுகு காட்டி உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தவள், உங்கள் அக்காவாக இருக்கும் என்றார். தலைமயிர் முன்னால் விழுந்து கிடந்ததால் முகம் தெரியவில்லையாம்.

தனக்கு அக்கா இல்லை, இந்த வீட்டில் வேறு ஒருவரும் இல்லை என்று கமலினி சொன்னாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“எத்தனை பேரை இங்கே வைத்திருந்தாலும் எனக்கென்ன, மிஸிஸ்? நான் வீடு சோதிக்கிற கவுன்சில் ஆள் இல்லை.”

அவளுக்குக் கோபம் வந்தது. களவாக ஆட்களைக் குடிவைத்திருப்பதாக நினைக்கிறானா? அல்லது தன்னைப் பயமுறுத்தி வெளியே அனுப்பிவிட்டு வீட்டைத் துழாவப் பார்க்கிறானா? அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கமலினி வேண்டுமென்றே கேட்டாள். அவருக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னதால் மனதில் நின்றுவிட்டதாம். நெற்றியைச் சுருக்கி, சொல்லைச் சொல்லாக எடுத்து வைத்தார்.

“என்ர… பிள்ளை… எங்கை.”

தேநீர் தட்டத்தில் சிந்தியது.

நான் குழந்தையோடு கதைத்ததைக் கேட்டிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குசினிக்கு வந்தாள். ஆனால் அன்று காலை முழுவதும் அவள் குழந்தையை இறக்கவில்லை. எங்கே என்று தேட வேண்டிய தேவை அவளுக்கு வரவில்லை.

அப்போதுதான் அந்த நாள் நினைவுக்கு வந்தது. இவ்வளவு காலமும் கணவனுக்குக்கூடச் சொல்லாத நாள்.

பிறந்து நாற்பதாம் நாள் வைதேகிக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. கிளென் வேவர்லியில் இருந்த நாகேஸ்வரி அன்ரி தொலைபேசியில் ஒரு நேர்த்தியை நினைவூட்டினார். தக்காத பிள்ளையைச் சாமிக்கு விற்று வாங்குவது. பிள்ளையைச் சந்நிதியில் கிடத்தி, இனி இது உன் பிள்ளை என்று கொடுத்துவிட வேண்டும். பிறகு ஐயருடைய கையில் அரிசியைக் கொடுத்து, சாமியின் பிள்ளையாக அதைத் திரும்ப வாங்க வேண்டும். ஊரில் எத்தனையோ பேர் செய்கிற காரியம். ஆனால் மெல்பேர்ணில் அவளுக்குத் தெரிந்து கோயிலும் இல்லை, ஐயரும் இல்லை. கமலினி சாமித்தட்டின் முன்னால், கோடையிலும் குளிர்ந்த அந்த நாளுக்காக மூட்டியிருந்த அடுப்புக்கு எதிரே, பிள்ளையைப் பாயில் கிடத்தினாள். “உன்ர பிள்ளை, ஏற்றுக்கொள்” என்றாள். நெருப்பு ஒரு கணம் தரையோடு படுத்து எழும்பியது. சாமி ஏற்றுக்கொண்டது என்று அழுதாள். மறுநாள் காய்ச்சல் விட்டது.

கொடுத்தாயிற்று. வாங்குவதை மட்டும் அடுத்த வருடம் ஊருக்குப் போகும்போது கோயிலில் வைத்துச் செய்யலாம் என்று விட்டுவிட்டாள்.

படங்கள் தட்டின் மேலே இருந்தன. பிள்ளையைக் கிடத்தியது கீழே, அடுப்பின் வாய்க்கு நேரே.

மாலை நான்கு மணிக்கு வெளிச்சம் மங்கிய நேரம், டொய்ல் அவளைக் கூப்பிட்டார். அடுப்பின் பின்சுவரை உடைத்திருந்தார். அதற்குப் பின்னால் ஒரு முழ ஆழத்துக்குப் பொந்து. உள்ளே கம்பளிக் காலுறைகள், சோடி சோடியாக, வரிசையாக அடுக்கியிருந்தன. பழைய வீட்டுப் புகைக்கூடுகளில் சப்பாத்துகள் கிடைப்பதுண்டு, கெட்டது அண்டாது என்று அந்தக் காலத்து ஆட்களின் நம்பிக்கை என்றார். ஆனால் இது புதுக் கம்பளி. சுவரின் சாந்தோ எழுபது வருடப் பழசு. உடைக்கும்வரை அதில் ஒரு கீறலும் இருக்கவில்லை.

சாம்பல் நடுவே இருந்தும் அவற்றில் ஒரு பொட்டுக் கரி இல்லை. கம்பளியின் மஞ்சள் நிறத்தைக் கமலினி உடனே அடையாளம் கண்டாள். மார்ச் மாதம் கொடியிலிருந்து காணாமற்போன வைதேகியின் கம்பளிச் சால்வை. அதைப் பிரித்துத்தான் பின்னியிருக்கிறது.

முதற்சோடி குழந்தையின் காலுக்கு அளவு. அடுத்தது ஒரு வயதுக்கு. அடுத்தது நடக்கிற பிள்ளைக்கு. அதற்கடுத்தது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு. ஐந்தாவது சோடி கமலினியின் காலுக்கே சரியாக இருக்கும்.

“இதை நீங்கள்தான் வைத்தீர்களா?” என்றாள்.

“அதையேதான் நான் உங்களிடம் கேட்க இருந்தேன்” என்றார் டொய்ல்.

இருவரும் மறுபடி பொந்தின் பக்கம் குனிந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் யன்னலோரக் கதிரை கிறீச்சிட்டது. இருவருமே திரும்பவில்லை.

கதிர்காமநாதன் அன்று மாலை காலுறைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முன்பு இருந்தவர்கள் விட்டுப் போனது என்று முடிவு கட்டினான். கமலினி வாதாடவில்லை. அவற்றைக் கொல்லையில் போட்டு எரித்தாள். நாகேஸ்வரி அன்ரியிடம் மட்டும் தொலைபேசியில் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள்.

அன்ரி உடனே மறுமொழி சொன்னார்.

“குடுத்தது குடுத்தபடி கிடக்கக் கூடாது, பிள்ளை. ஐயருக்குப் பதிலா ஆரையாவது நிப்பாட்டி நாளைக்கே வாங்கு.”

புதன்கிழமை டொய்ல் அரை மணி பிந்தி வந்தார். வாசற்கதவைத் திறந்து வைத்தபடியே வேலை செய்தார். பொந்தை அடைக்கச் சாந்து குழைத்துக்கொண்டிருந்தவரிடம் கமலினி ஒரு உதவி கேட்டாள். சிறிது நேரம் பிள்ளையை வைத்திருக்க வேண்டும். நான் அரிசி வைத்ததும் பிள்ளையை என்னிடம் தரவேண்டும். அவ்வளவுதான். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகள் கண்ட பழக்கத்தோடு வைதேகியை வாங்கினார்.

வெள்ளிக் கிண்ணம் நிறைய அரிசி. கமலினி அதைப் பொந்துக்குள் வைத்தாள்.

“இந்தா விலை. என்ர பிள்ளையை நான் வாங்கிப்போட்டன்.”

திரும்பிக் கைகளை நீட்டினாள். டொய்ல் பிள்ளையைத் தந்தார்.

வரவில்லை.

குழந்தை அவள் கைகளில்தான் இருந்தது. ஆனால் போர்வையின் மற்ற முனை இறுகி நின்றது. அவள் இழுத்தாள். மற்றப் பக்கமும் இழுத்தது.

“விடுங்கோ” என்றாள், தமிழிலேயே.

டொய்லின் முகம் வெளிறியிருந்தது. இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே உயர்த்திக் காட்டினார்.

“நான் எப்போதோ விட்டுவிட்டேன், மிஸிஸ்.”

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. பிறகு போர்வை தளர்ந்தது. கமலினி பிள்ளையோடு சுவரில் போய் மோதி நின்றாள்.

டொய்ல் கல் வைக்கத் தொடங்கினார். கிண்ணம் உள்ளே இருக்க, கல்லின் மேல் கல்லாக வைத்துப் பொந்தை அடைத்துப் பூசினார். அடைத்த சுவருக்கு முன்னால் ஹீற்றரைப் பூட்டி, குழாயைப் புகைக்கூட்டுக்குள் ஏற்றி, நெருப்பைக் கொளுத்திக் காட்டினார். நீலச் சுவாலை. புகை இல்லை. தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தக் கதிரையின் பக்கம் பாராமல் வெளியேறினார்.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி. வீடு முழுக்க இதமான சூடு. தொட்டிலில் வைதேகி இழுப்பில்லாமல் மூச்சு விட்டு நித்திரை கொண்டாள். எத்தனையோ கிழமைகளுக்குப் பிறகு இப்படி. கமலினி தொட்டிலுக்குப் பக்கத்திலேயே அமர்ந்து, அந்த மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்பதுவரை எண்ணினாள். ஒன்றிலும் கரகரப்பு இல்லை. எழுந்துபோய்ச் சுவரைத் தொட்டாள். பூச்சு காய்ந்து, இறுகி, ஒரு வெடிப்பும் இல்லாமல் இருந்தது. முடிந்தது என்று நினைத்தாள். பாலைச் சூடாக்கக் குசினிக்குப் போனாள். மூன்று நிமிடம். கூடிப்போனால் நான்கு.

போத்தலோடு திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வெள்ளிக் கிண்ணம் தொட்டிலுக்குள் இருந்தது. குழந்தையின் கால்மாட்டில், விளிம்புவரை அரிசியோடு, அவள் கொடுத்த அதே அளவில். மேலே குவிந்த சிறு குவியல்கூடக் கலையவில்லை.

வைதேகி விழித்திருந்தாள். அழவில்லை. பொக்கை வாயைத் திறந்து சிரித்து, தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

கமலினி நின்ற பக்கம் அல்ல.