நோர்டால் போனை எடுக்கிறது

அலுவலகத்தின் பின்வாசலில் காரை நிறுத்தி, என்ஜின் உறைந்துபோகாமல் இருக்க அதன் ஒயரைச் சுவர் பிளக்கில் செருகிவிட்டு கரீன் ஓஸ்ட்பி உள்ளே நுழைந்தபோது, வடக்கு டகோட்டாவின் ஜனவரிக் காற்று அவளோடு சேர்ந்து ஒரு வாளிப் பனியையும் உள்ளே தள்ளியது.

"வாம்மா. காத்து உன்னைக் கனடாவுக்கே தூக்கிட்டுப் போயிருக்கும்னு நெனச்சேன்" என்றார் ஆர்வில் ப்ரெக்கே. அந்தத் தானியக் கம்பெனியின் மேலாளர் அவர். மேஜையில் காபியும், அவர் மனைவி கொடுத்தனுப்பிய எலுமிச்சை இனிப்பும் தயாராக இருந்தன.

"உங்க வீட்டம்மா செய்யற இனிப்பைத் தின்னவளை எந்தக் காத்தும் தூக்காது" என்று சொல்லிக்கொண்டே கரீன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "சொல்லுங்க, என்ன கோளாறு?"

"உன் புருஷனைக் கேளு. காலையிலேர்ந்து என் உயிரை எடுக்கறான். லைன் எப்பவும் பிஸியாம்."

கரீனின் கணவன் லைல், டன்லோ ஊர்க் கிடங்கைப் பார்த்துக்கொள்பவன். புயல் வருகிறது என்று கூட வேலை செய்கிறவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அன்று தனியாக இருந்தான். வேலையை முடித்துவிட்டு, சாலை மூடுவதற்குள் டன்லோ வழியாகப் போய் அவனையும் கூட்டிக்கொண்டு வீடு சேர்ந்துவிட வேண்டும். அவள் மனதில் இருந்த கணக்கு அவ்வளவுதான்.

கம்பெனிக்குச் சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களில் கிடங்குகள் உண்டு. ஒவ்வொன்றிலும் லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடை உண்டு. அந்த எடைகள் போன் லைன் வழியாகத் தலைமை அலுவலகத்துக்கு வரும். லைனை நாள் முழுவதும் பிடித்துவைப்பது வீண் என்பதால், கம்பெனியின் இஞ்சினியரான கரீன்தான் அலுவலக நிலவறையில் ரவுட்டர் என்ற இணைப்புப் பெட்டி ஒன்றை வைத்து அதற்கு நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்திருந்தாள். அனுப்ப ஏதாவது இருந்தால் மட்டும் அந்த ஊர் எண்ணுக்கு போன் போடு. பேச்சில்லாமல் சிறிது நேரம் போனால் நீயே வைத்துவிடு. ஊர்க் கிடங்குகளிலும் அதே முறைதான். பல மனிதர்களுக்கே வராத இந்த நாகரிகம் அந்தப் பெட்டிக்கு அழகாக வந்துவிட்டது.

நிலவறையில் எலி நாற்றமும் பழைய கோதுமைத் தூசியின் நெடியும் கலந்திருந்தன. ரவுட்டரின் லைன் விளக்குகளில் ஒன்று மட்டும் பச்சையாக எரிந்தது. கரீன் திரையைத் தட்டினாள்.

இணைப்பு: நோர்டால்.

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

நோர்டால் கிடங்கு இலையுதிர்காலத்தில் தானியத் தூசி பற்றி வெடித்து எரிந்துபோனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மைலோ ஸ்கார் அதோடு போனான். பெட்டியில் வைத்துப் புதைக்க அதிகம் மிஞ்சவில்லை. போன் கம்பத்தையும் கம்பியையும் அதன்பிறகு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அங்க என்ன இருக்கு? கருகின காங்க்ரீட்டும் பனியும்தான்" என்றார் படியில் நின்ற ஆர்வில். சுவரில் தொங்கிய போனை எடுத்து நோர்டால் எண்ணைச் சுழற்றினார். அப்படி ஓர் எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுசெய்த பெண் குரல் மரியாதையாகச் சொன்னது. அவர் ரிசீவரைக் கரீனின் காதில் வைத்தார். அவளும் கேட்டாள்.

அவள் லைனைத் துண்டித்தாள். விளக்கு அணைந்தது. ரவுட்டர் மறுபடி அதே எண்ணுக்குப் போன் போட்டது.

மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

கடவுச்சொல்லும் சரியாக வந்தது. மைலோ தன் நாயின் பெயரை வைத்திருந்தான்.

"யாரோ விளையாடறாங்க" என்றாள் கரீன். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. பக்கத்தில் எடைகள் வந்து விழும் பழைய திரை இருந்தது. அதைத் தன் பக்கம் திருப்பினாள். லைன் தானாக அறுந்துபோகும் நேரம் நெருங்கும்போதெல்லாம் அங்கிருந்து ஒரு வரி வந்துகொண்டிருந்தது. எல்லாம் ஒரே வரி.

நோர்டால். 180 பவுண்டு.

லாரி மேடையில் நூற்றெண்பது பவுண்டு. எந்த லாரி அவ்வளவு இலேசாக இருக்கும்?

ஆர்வில் மெதுவாகப் படியில் உட்கார்ந்துவிட்டார். "மேடை சரியா இருக்கான்னு பாக்க மைலோ தினமும் காலைல தானே ஏறி நிப்பான். தன் எடை தனக்குத் தெரியுமே, அதுக்கு மேல என்ன சோதனைன்னு கேப்பான்." அவர் அந்தப் பச்சை விளக்கைக் கைகாட்டினார். "கரீன், அதை எடுத்துடும்மா. அந்த நம்பரையே எடுத்துடு."

எடுத்தாள். நோர்டாலின் எண், பெயர், கடவுச்சொல் எல்லாவற்றையும் வரிவரியாக அழித்தாள். பச்சை விளக்கு அணைந்தது. எடைத் திரை அமைதியானது. மேலே காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் சத்தம். இருவரும் மூச்சு விட்டார்கள்.

அதோடு அவள் படியேறிப் போயிருக்கலாம். ஆனால் இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு பாழாய்ப்போன பழக்கம் உண்டு. செத்துவிட்டதா என்று ஒருமுறை தட்டிப் பார்க்காமல் கை ஓயாது. 'இருக்கிறாயா' என்று கேட்கும் சின்னத் தட்டல் அது, பிங் என்பார்கள். பதில் வராவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். கரீன் நோர்டாலுக்கு ஒரு பிங் அனுப்பினாள்.

லைன் இல்லாத இடத்துக்கு அனுப்பும் தட்டலும் ரவுட்டருக்கு ஒரு வேலைதான். நேர்வழி இல்லையென்றால் அது மாற்று வழி தேடும். ஒரு கிடங்கின் லைன் அறுந்தால் பக்கத்து ஊர் வழியாகப் போ என்று முன்னொரு காலத்தில் அவளே எழுதிவைத்திருந்தாள். அதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துப் பெருமையும் பட்டிருக்கிறாள்.

வேறொரு விளக்கு எரிந்தது.

நோர்டாலுக்குப் பக்கத்து ஊர் டன்லோ.

பதில் வந்தது. இருக்கிறேன்.

எடைத் திரையில் ஒரு வரி விழுந்தது.

டன்லோ. 180 பவுண்டு.

கரீன் சுவர் போனைப் பிடுங்குவதுபோல் எடுத்து, கணவனின் அலுவலக எண்ணைச் சுழற்றினாள். விரல் இருமுறை தவறியது.

"டன்லோ கிடங்கோட ராஜா பேசறேன்" என்றான் லைல்.

"லைல், நான் சொல்றதைக் கேளு. வெளிய போகாத."

"ஏன், உள்ள உக்காந்து உன் போட்டோவைக் கொஞ்சிக்கிட்டிருக்கணுமா? லைன் சரி பண்ணிட்டியா இஞ்சினியரம்மா?"

"மேடையில யாராவது இருக்காங்களா?"

"உனக்கெப்படித் தெரியும்? இப்பத்தான் பார்த்தேன். ஒருத்தன் நிக்கறான். லாரி எங்கயோ பனில மாட்டி, நடந்தே வந்திருப்பான் பாவம். கண்ணாடியத் தட்டினேன், திரும்பல."

"அது மைலோ."

"என்னது?"

"நோர்டால் லைன்ல இருந்தான். நான் அந்த லைனை எடுத்தேன். அதனால அங்க வந்துட்டான். நான்தான் அனுப்பிட்டேன், லைல்." சொல்லும்போதே அது பைத்தியக்காரி பேச்சுபோல அவளுக்குக் கேட்டது.

"மைலோவோட பெட்டியத் தூக்கினவன் நான்" என்றான் லைல். இப்போது அவன் குரலில் கேலி இல்லை. "கரீன், அந்த ஆளுக்குத் தலையில தொப்பிகூட இல்ல. கொஞ்ச நேரத்துல வெறைச்சுடுவான். உள்ள கூட்டிட்டு வந்துடறேன். இரு, வைக்காத."

"போகாத! உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்!"

"யாரா இருந்தா என்னடி? பனில ஒருத்தனை நிக்க விடுவாங்களா?"

அந்த ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். வேலித் தகராறில் தங்கள்மேல் வழக்கு நடத்துகிறவனாக இருந்தாலும் புயலில் கதவைத் திறந்து உள்ளே இழுத்துப்போட்டுவிட்டுத்தான் மறுபடி சண்டையைத் தொடர்வார்கள். லைல் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். ரிசீவரை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. காற்று அந்த அறைக்குள் புகுந்து ஊளையிட்டது. கதவு மூடியது.

திரையில் வரி மாறியது.

டன்லோ. 400 பவுண்டு.

"போய்ச் சேர்ந்துட்டான்" என்றார் ஆர்வில். "ரெண்டு பேரும் நிக்கறாங்க. இதோ வந்துடுவாங்க பாரு."

டன்லோ. 400 பவுண்டு.

கரீன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். காலியான அறையின் சத்தம். ஹீட்டர் ஓடுவது. கண்ணாடியில் பனித்துகள் உரசுவது. மேடையிலிருந்து அந்தக் கதவுக்குப் பத்துப் பன்னிரண்டு எட்டுதான் இருக்கும்.

டன்லோ. 400 பவுண்டு.

"லைல்!" என்று ரிசீவருக்குள் கத்தினாள். கத்தல் அந்த அறைக்குள் போய் விழுந்தது அவளுக்கே கேட்டது.

"ஒயரைப் புடுங்கும்மா! லைன் இல்லேன்னா அது போயிடும்!"

அவள் கை ஒயரில்தான் இருந்தது. பிடுங்கினால் அந்த ஆள் போய்விடக்கூடும். ஆனால் திரையும் இருண்டுவிடும். நானூற்றில் மீதி எடை அவள் புருஷனுடையது. அந்த எண் தெரிகிறவரை அவன் இரண்டு காலில் நிற்கிறான். அதை எப்படி அணைப்பாள்? முடியவில்லை அவளால். வரி வராமல் சற்றுத் தாமதித்தபோது, லைன் தானாக அறுந்துவிடுமோ என்று பயந்து, அவளே டன்லோவுக்கு ஒரு பிங் அனுப்பினாள். இன்னொன்று. இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது.

இருக்கிறேன்.

இருக்கிறேன்.

ஆர்வில் மேலே ஓடிப்போய், வட்டாரப் போலீஸ் தலைவரான ஷெரீப்பைக் கூப்பிட்டார். சாலை மூடிவிட்டது, பனி வாரும் வண்டியே திரும்பிவிட்டது, காற்று அடங்கினால் பார்க்கலாம் என்றார்கள். அவர் கீழே வந்தபோது கரீன் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். ரிசீவர் மடியில் கிடந்தது.

டன்லோ. 0.

கதவு திறக்கும் சத்தம் கடைசிவரை கேட்கவில்லை.

புயல் ஓய்ந்தபின் போனவர்கள் லைலை மேடைக்கு வெளியே, அதன் ஓரத்தை ஒட்டிக் கண்டெடுத்தார்கள். யாருக்கோ இடம் விட்டவன்போல ஒருபக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தான். வெறுந்தலை. அவனுடைய காதுமூடித் தொப்பியைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. வழி தவறியிருக்கிறான் என்றார் ஷெரீப். பத்து எட்டு தூரத்தில் எப்படி வழி தவறும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. பனியில் அதுவும் நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சவ அடக்கம் முடிந்த கையோடு, கறுப்பு உடைகூட மாற்றாமல் கரீன் அந்த நிலவறைக்குப் போனாள்.

"இப்ப எதுக்கும்மா? வேற யாரையாவது வெச்சுப் பாத்துக்கறேன்" என்றார் ஆர்வில். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"வேற யாராவது பண்ணினா கடைசில ஒருதரம் தட்டிப் பாப்பாங்க" என்றாள்.

டன்லோவை அழிப்பதற்கு முன்னால் அதன் மாற்று வழியை அழித்தாள். அதற்கு அடுத்த ஊரின் வழியை, அதற்கும் அடுத்ததை. ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்குப் போக ஒரு சந்துகூட விடாமல் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தாள். பிறகுதான் டன்லோவை எடுத்தாள். விளக்குகள் எல்லாம் அணைந்தன. விரல்கள் விசைப்பலகையின் மேல் துடித்தன. அவள் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு எழுந்தாள். தட்டிப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் இனி எதையும் தட்டிப் பார்க்க மாட்டேன் என்று ஆர்விலிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் அண்டை அயலார் கொண்டுவந்து வைத்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் அடுக்களை முழுவதும் இருந்தன. எதையும் அவள் திறக்கவில்லை. வெளிச்சம் மங்கும் நேரம், காற்று மறுபடி எழுந்தது.

போன் அடித்தது.

போனுக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டி அழைத்த எண்ணைக் காட்டியது. ரவுட்டரின் எண்.

ராத்திரியில் ரவுட்டருக்கு ஏதாவது ஆனால் அது அவள் வீட்டுக்கே போன் போட வேண்டும் என்று போன வருடம் அவள் எழுதிவைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கிடங்குகளின் வரிசையில் இல்லாத வரி அது. எல்லா ஊர்களின் கதவையும் சாத்திவிட்டு, தன் வீட்டுக் கதவு ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள்.

எடுக்காமல் இருந்திருக்கலாம். அவள் எடுத்தாள்.

இயந்திரம் கூப்பிட்டால் காதைக் கிழிக்கும் கீச்சொலி வரும். அது வரவில்லை. ஹீட்டர் ஓடும் ஓர் அறை. கண்ணாடியில் பனித்துகள் உரசும் சத்தம். யாருமே ரிசீவரைத் திரும்ப எடுத்து வைக்காத ஒரு மேஜை.

வைத்துவிடு என்று மனது அலறியது. வைக்கவும் வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். பேச்சில்லாமல் கொஞ்ச நேரம் போனால் லைன் தானே அறுந்துவிடும். அப்படித்தானே அவள் பழக்கியிருந்தாள்.

"லைல்" என்றாள். "சாப்டியா?"

பதில் இல்லை. அறையின் சத்தம் மட்டும் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்ததுபோல் இருந்தது.

"ஆர்விலோட வீட்டம்மா உனக்குப் பிடிச்ச உருளைக்கிழங்குக் கூட்டு கொண்டாந்து வெச்சிருக்காங்க. சூடு பண்ணவா?" அவளுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குரலை மட்டும் உடையவிடாமல் பிடித்துக்கொண்டாள். "முன்வாசல்ல பனி வாரவே இல்ல. நீ இல்லாம யார் வாருவா? நாளைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடணும். அவன் வந்தா காபி குடிச்சே காலி பண்ணிடுவான், உனக்குத் தெரியுமே..."

வெளியே வாசற்படிப் பலகை, யாரோ ஏறியதுபோல், ஒருமுறை முனகியது.

பிறகு, அதைவிடக் கனமாக, இன்னொருமுறை.

கரீன் கதவின் பக்கம் திரும்பவில்லை. மூச்சு வாங்கவும் இடைவெளி விடாமல், பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள்.