கொலெட் எழுதிய அறிவிப்பு

உருளைக்கிழங்கு அறுவடைக்காக விட்டிருந்த பள்ளி விடுமுறை ஞாயிற்றுக்கிழமையோடு முடியப் போகிறது. ஆனால் அது கொலெட்டுக்கு மட்டும்தான். அவள் தம்பி ரெமிக்கு இனி வீட்டிலேயே பாடம்.

"அப்போ இவன் தினமும் லேட்டா எழுந்துக்கலாமா?" என்று கேட்டாள் கொலெட்.

அம்மா சூடான கல்லில் ப்ளோய் அப்பம் வார்த்துக்கொண்டிருந்தாள். "எழுந்துக்கட்டுமே."

"பைஜாமாவோட உக்காந்து படிக்கலாமா?"

"படிச்சா என்ன, கணக்கு கோவிச்சுக்குமா?"

ரெமி சிரித்தான். ப்ளோயில் வெண்ணெய் தடவி, சுருட்டி, வாயில் திணித்துக்கொண்டான். கொலெட்டுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ரெமிக்கு எட்டு வயது. சத்தம் அவனுக்கு ஆகாது. பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுகள் மோதும் ஒலி கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். காலையில் பஸ் வந்து நின்றால் வாந்தி எடுப்பான். டாக்டர் பார்த்தார், ஆசிரியர் பேசினார். கடைசியில் அம்மா பேக்கரி வேலையைப் பாதி நேரமாகக் குறைத்துக்கொண்டாள்.

இதெல்லாம் கொலெட்டுக்குத் தெரியும். தெரிந்தும் பொறாமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா மேசையில் உட்கார்ந்து, கல்வி அதிகாரிக்கு அறிவிப்பு எழுதினாள். பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைப்பதென்றால் அப்படி முறையாகத் தெரிவிக்க வேண்டும். கொலெட் அம்மாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அறிவியலுக்கு ஆறும் காடும். கணக்குக்கு அப்பம் சுடுவது. கற்பிப்பவர்: தாய்.

'கற்பிப்பவர்: தாய்' என்ற வரியை அவள் இரண்டு முறை படித்தாள். நேராகத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள்.

மறுநாள் மூவரும் கல்வி அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே மிஸஸ் பெல்க்கி என்ற அம்மையார் அம்மா கொடுத்த உறையைப் பிரித்தார். மேலே இருந்த தாளைப் படித்துத் தலையாட்டினார். பிறகு அடியில் இருந்த தாளை எடுத்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

"ரெண்டு பிள்ளைங்களா?"

"இல்லீங்க, ஒருத்தன்தான்," என்றாள் அம்மா.

மிஸஸ் பெல்க்கி உரக்கப் படித்தார்: "பத்து வயதான கொலெட் சிர் ஆகிய என்னையும் வீட்டிலேயே படிக்க வைக்க முடிவு செய்யப்பட்டுள்ளது. அறிவியல்: ஆறு. கணக்கு: தேவைப்பட்டால். உடற்பயிற்சி: கட்டிலில் குதித்தல்."

அவர் சிரிக்கவில்லை. "முடிவு செஞ்சது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றாள் கொலெட்.

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "என்ன கொலெட் இது?"

"அம்மாவும் அவனுக்குத்தான், வீடும் அவனுக்குத்தான். எனக்கு மட்டும் அந்த பஸ்ஸு."

அம்மாவின் கை மெல்ல வந்து கொலெட்டின் முதுகில் படிந்தது.

"சரி, ஒண்ணொண்ணா பாப்போம்," என்றார் மிஸஸ் பெல்க்கி. அம்மாவின் அறிவிப்பில் முத்திரை குத்தினார். "ரெமி, இன்னையிலேருந்து உன் பேரு பள்ளிக்கூடத்துப் பதிவுல இருக்காது. அங்க இருக்கற உன் சாமானையெல்லாம் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிடறேன்."

அதுவரை பேசாமல் இருந்த ரெமி நிமிர்ந்தான். "என் மூஸ் மான்?"

"என்ன மானு?"

"களிமண்ல செஞ்சது. இன்னும் கொம்பு வைக்கல. அப்புறம் சூளையில சுடணும். மிஸ்டர் ஓகின் சுட்டுத் தரேன்னாரு."

"அதையும் பத்திரமா அனுப்பிடுவாங்கப்பா."

"எங்க வீட்டுல சூளை இல்லையே," என்றான் ரெமி. பிறகு குனிந்து, மேல்சட்டை ஜிப்பை மேலும் கீழும் இழுக்கத் தொடங்கினான்.

அவனுக்கும் ஏதாவது ஒன்று கிடைக்காமல் போக வேண்டும் என்று கொலெட் இரவெல்லாம் நினைத்திருந்தாள். இதோ, போய்விட்டது. ஆனால் அவளுக்குக் கொஞ்சமும் சந்தோஷமாக இல்லை.

புதன்கிழமைகளில் அவன் வாந்தி எடுத்ததே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. புதன்கிழமைதான் மிஸ்டர் ஓகினின் களிமண் வகுப்பு. அங்கே நாலைந்து பிள்ளைகள்தான். ஒருவரும் கத்துவதில்லை.

"அந்த ஒரு வகுப்புக்கு மட்டும் இவன் வரலாமா?" என்று கேட்டாள்.

"வெளிய வந்தாச்சு, இனிமே எப்படி விடுவாங்க?" என்றாள் அம்மா.

"விடுவாங்க," என்றார் மிஸஸ் பெல்க்கி. "எழுதிக் கேக்கணும். தலைமையாசிரியர் சரின்னு சொல்லணும். அவ்வளவுதான்."

கொலெட் கை நீட்டித் தன் தாளை வாங்கிக்கொண்டாள். அதைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எழுதினாள்: 'ரெமி சிர் களிமண் வகுப்புக்கு மட்டும் வருவான். சாப்பாட்டுக் கூடம் வேண்டாம். மணி அடிப்பதற்கு முன்பே பின்வாசல் வழியாக அவன் அக்கா கூட்டிப் போவாள்.'

அம்மா கையெழுத்துப் போட்டாள். போடும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

மிஸஸ் பெல்க்கி தாளைத் திருப்பிக் காட்டினார். "இந்தப் பக்கம் இருக்கறதை என்ன பண்ண? நீயும் வீட்டுல இருந்துட்டா, இவனைக் கூட்டிட்டுப் போறது யாரு?"

கொலெட் யோசித்தாள். பேனாவை எடுத்து, தன் அறிவிப்பை வரிவரியாக அடித்தாள். கடைசி வரியில் பேனா நின்றது.

"கட்டில்ல குதிக்கறது மட்டும் இருக்கட்டுமா? சனிக்கிழமைக்கு?"

"அதுக்கு எங்க அனுமதி வேண்டாம். கட்டில் தாங்குமான்னு அம்மாவைக் கேட்டுக்கோ," என்றார் மிஸஸ் பெல்க்கி. அப்போதுதான் அவர் சிரித்தார்.

திரும்பும்போது காரில் அம்மா சொன்னாள்: "சனிக்கிழமை காலையில பேக்கரிக்கு என்கூட வரியா? நாம ரெண்டு பேர் மட்டும்."

"நானும்?" என்றான் ரெமி.

"நீ வேணாம். நீதான் தினமும் அம்மாகூட இருக்கப் போறியே," என்றாள் கொலெட். ரெமி உதட்டைப் பிதுக்கினான். அதைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது.

தலைமையாசிரியர் சரி என்றார். புதன்கிழமை அம்மா ரெமியைப் பின்வாசலில் இறக்கிவிட்டாள். கொலெட் அவன் கையைப் பிடித்து, ஆள் நடமாட்டம் இல்லாத வழியாகக் கூட்டிப்போனாள். மிஸ்டர் ஓகின் ஈரத்துணியை விலக்கி, கொம்பில்லாத மானை அவன் முன்னால் வைத்தார். ரெமி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டான்.

கொலெட் வாசலிலேயே நின்றாள். அவளுக்கு அடுத்து கணக்கு வகுப்பு. ரெமியின் விரல்களுக்கு நடுவே களிமண் கொழகொழவென்று பிதுங்குவதைப் பார்த்ததும் பொறாமை மறுபடி எட்டிப் பார்த்தது.

"ரெமி, எனக்கு ஒரு கப்பு செஞ்சு தா."

"சின்னதா, பெருசா?"

"பெருசா. கைப்பிடி வச்சு."

"சரி. சத்தம் போடாம போ," என்றான் ரெமி.

கொலெட் நுனிக்காலில் நடந்து கணக்கு வகுப்புக்குப் போனாள்.