ஓரடி நகர்ந்த எல்லைக்கல்

காலை 7.05. டேப்பம்மா கேட்டைத் திறந்து உள்ளே வந்தபோது, அவளை வரச் சொன்ன மனிதர் கொல்லையில் குப்புறக் கிடந்தார், சுற்றிலும் போலீஸ். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ஒரு கடப்பாரை. நேற்று சாயங்காலம் சர்வேயர் நட்டுவிட்டுப் போன எல்லைக்கல் இடம் மாறிப் புதுமண்ணில் நின்றது. பழைய குழியை யாரோ மூடி மிதித்துவிட்டிருந்தார்கள்.

டேப்பம்மா என்பது தெரு வைத்த பெயர். நகராட்சியில் கட்டட அனுமதி பார்ப்பவள். பையில் எப்போதும் டேப்பு, வாயில் எப்போதும் விதி. "நாளைக்கு ஏழு மணிக்கு வாங்க மேடம், ஒரு அளவு எடுக்கணும்" என்று அந்த மனிதர் போன் பண்ணியபோது, லீவு நாளிலுமா என்று எரிந்து விழுந்திருந்தாள்.

"இதுல துப்பறிய ஒண்ணுமில்ல மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "அப்பன் மனையை ரெண்டாப் பிரிக்கிறாங்க. முன்பக்கம் அண்ணனுக்கு, பின்பக்கம் தம்பிக்கு. எல்லைக்கு அஞ்சு அடி தள்ளி இல்லேன்னா தம்பியோட ஷெட்டை இடிக்கணும்னு நோட்டீஸ் விட்டது நீங்க. தம்பி கல்லை நகர்த்தியிருக்கான், அண்ணன் பாத்துட்டார். கடப்பாரையும் இவனுது."

தம்பி தச்சன். அந்த ஷெட்தான் அவனுக்குப் பட்டறை, வீடு எல்லாம். விலங்கு மாட்டிய கையோடு பலகைமேல் உட்கார்ந்திருந்தான். "நான் தொடவே இல்ல மேடம்," என்றான்.

7.20. மாடியில் குடியிருக்கும் தங்கையும் அவள் புருஷனும் இறங்கி வந்தார்கள். வீட்டில் அவனை எல்லாரும் மாப்பிள்ளை என்பார்கள்.

"எப்ப எழுந்தீங்க?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஆறே கால் சார். அண்ணி அலறினாங்க."

"அதுக்கு முன்னாடி கீழே வந்தீங்களா?"

"இல்லவே இல்ல. கணக்கா அஞ்சு அடிக்குக் கொண்டு வந்து வச்சிருக்கான் பாருங்க, படுபாவி! முதல் பிளானை நான்தான் வரைஞ்சு கொடுத்தேன், சுவத்துலேருந்து அஞ்சு அடி விட்டு. ஆபீஸ்ல ஏன் திருப்பினாங்கன்னு எங்கிட்ட மூச்சு விடல. என்னைக் கழட்டி விட்டுட்டான்."

டேப்பம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகுதான் பையிலிருந்து டேப்பை எடுத்தாள்.

7.40. ஷெட் சுவரிலிருந்து கல்வரை அளந்தாள். ஐந்து அடி. நூல் பிசகவில்லை. கூரைத் தகடு சுவரைத் தாண்டி ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருந்தது. தகட்டின் விளிம்பிலிருந்து அளந்தாள். மூன்றரை. மூடிய பழைய குழியிலிருந்து கல்வரை ஓரடி.

"தம்பியை விடுங்க சார்."

"என்ன விளையாடுறீங்களா?"

"எங்க ஆபீஸ் அளவு சுவத்துலேருந்து இல்ல, கூரை விளிம்புலேருந்து. முதல் பிளானை அதுக்காகத்தான் திருப்பினேன். தம்பி முகத்துக்கு நேராவே சொன்னேன், என்னை வாய்க்கு வந்தபடி திட்டிட்டுப் போனார். சர்வேயர் வச்ச இடத்துலேருந்து ரெண்டரை அடி நகர்த்தினாதான் ஷெட் தப்பிக்கும். இது ஓரடிதான் நகர்ந்திருக்கு. இப்பவும் ஷெட் இடிபடும். கொலை வரைக்கும் போறவர் தனக்கு உதவாத இடத்துல ஏன் கல்லை நடப்போறார்? இதை நட்டவருக்கு அந்த விதி தெரியாது."

இன்ஸ்பெக்டர் மெல்ல மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"இன்னொண்ணு. நான் டேப்பை எடுக்கறதுக்கு முன்னாடியே மாப்பிள்ளை கணக்கா அஞ்சு அடின்னார். யார் அளந்து சொன்னாங்க?"

"குத்துமதிப்பா சொன்னேங்க..." என்றபடி மாப்பிள்ளை ஓரடி பின்வாங்கினான்.

படியில் நின்ற தங்கை முதல்முறையாக வாயைத் திறந்தாள். "என்னோட தையல் டேப்பு ஈரமா குளியலறைக் கொடியில தொங்குது. காலையிலேருந்து யோசிக்கிறேன். தையல் டேப்பை யாராவது கழுவுவாங்களா?"

கான்ஸ்டபிள் மாடிக்கு ஓடி அதைக் கொண்டுவந்தார். முனைத் தகட்டின் இடுக்கில் கொல்லையின் செம்மண் அப்படியே இருந்தது. மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அடிக்கணும்னு நினைக்கல. சின்ன மனை, ரெண்டுக்கு மேல பிரிக்க விதி இடம் கொடுக்கலேன்னு இவளுக்கு ஒரு பிடி மண்ணு இல்லாம பண்ணிட்டாங்க. கல்லு நகர்ந்திருந்தா அண்ணன் தம்பி அடிச்சுப்பாங்க, பிரிவினை நின்னுடும்னு பாத்தேன். நட்டு முடிக்கிறப்ப அவர் வந்துட்டார். சத்தம் போட்டுத் தம்பியைக் கூப்பிடத் திரும்பினார்..."

தங்கை அவன் பக்கம் திரும்பவே இல்லை.

9.10. உடலை எடுத்துப் போன பிறகு அண்ணி ஒரு தாளைக் கொண்டுவந்தாள். "நேத்து எழுதி வச்சார். உங்ககிட்ட கொடுக்கத்தான் இன்னைக்கு வரச் சொன்னார்."

டேப்பம்மா படித்தாள். 'தம்பியின் ஷெட் நிற்பதற்காக என் பக்கத்தில் இரண்டரை அடி விட்டுக்கொடுக்கச் சம்மதம்.' கீழே கையெழுத்து. அவள் தாளை, விலங்கு கழன்றிருந்த தம்பியிடம் நீட்டினாள்.

அவன் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "ஆறு மாசமா மூஞ்சி கொடுத்துப் பேசலையே அண்ணி! பாவி நான், ஒரு வார்த்தை பேசலையே!"

"அளந்துடுங்க," என்றாள் அண்ணி டேப்பம்மாவிடம். "அவர் சொன்னது நடக்கட்டும். நான் கையெழுத்துப் போடறேன்."

மூடிய குழியின்மேல் டேப்பின் முனையைத் தம்பி அழுத்திப் பிடித்துக்கொண்டான். டேப்பம்மா இழுத்துக்கொண்டே போனாள். இரண்டரை அடி முடிந்த இடத்தில் அண்ணன் சிந்திய ரத்தம் இன்னும் காயவில்லை. அவள் அங்கேயே குனிந்து, சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டாள்.