புண் தேடிப் போகும் தூள்

போன் அடித்தது.

மலேசியாவில், சிரம்பான் ஹோட்டல் மேடையில் தன் புது மருந்தைப் பற்றிப் பேசிவிட்டுக் கைதட்டலோடு இறங்கிய டாக்டர் யோகேந்திரன் எடுத்தான்.

"டாக்டர்... எத்தனை தடவை கூப்பிட்டேன்... அவரு அப்பவே போயிட்டாரு. ரத்தம் ரத்தமா போச்சு..."

லாபு எஸ்டேட்டிலிருந்து மாதவி அழுதாள்.

யோகேந்திரன் குரலில் சோகத்தை வரவழைத்துக்கொண்டான். நல்ல நடிகன், பாவி!

செத்தது அவள் புருஷன் திருச்செல்வம். குடல் புண்ணுக்கு யோகேந்திரன் செய்த நானோ மருந்தைச் சோதனைக்காகச் சாப்பிட்டு வந்தவர். கண்ணுக்குத் தெரியாத துகள்களுக்குள் மருந்து. வயிற்றில் திறக்காது, நல்ல குடலிலும் திறக்காது. புண்ணைத் தேடிப் போய் ஒட்டி, அங்கேதான் திறக்கும்.

அந்தச் சோதனையில் இன்னொரு நோயாளி செத்ததை யோகேந்திரன் மூடி மறைத்தான். திருச்செல்வத்துக்கு அது தெரிந்துவிட்டது. போலீசுக்குப் போகிறேன் என்று வாயை விட்டார்.

இன்று காலையில் அவர் வீடு தேடிப் போய் 'புது கேப்சூல்' கொடுத்தான். துகளுக்குள் மருந்துக்குப் பதில் விஷம். அது திறக்கும்போது இவன் மேடையில்... ஊரே சாட்சி!

"டாக்டர் யோகேந்திரன்?"

லாபுவில் மாதவியை விசாரித்துவிட்டு வந்த இன்ஸ்பெக்டர் ரதி எதிரே நின்றாள்.

"காலையில லாபுவுக்குப் போனீங்களா?"

"போனேன். மருந்து கொடுத்தேன். அதுக்கென்ன?"

"அவர் முழுங்கினதைப் பார்த்தீங்களா?"

"அவர் என்ன சின்னப் பிள்ளையா? காப்பி குடிச்சிட்டுக் கிளம்பிட்டேன்."

"நீங்களும் எஸ்டேட்ல பொறந்தவர்தானே? காவடி எடுக்கிறவர், தைப்பூச விரதத்துல மாட்டுத் தோல்ல செஞ்ச கேப்சூலை முழுங்குவாரா?"

கோட்டு சூட்டு ஏறியதும் அதெல்லாம் மறந்துபோயிருந்தது அவனுக்கு.

"உறையைத் தூக்கிப் போட்டுட்டு, அடுப்படியில தூளைத் தன் காப்பியில கலக்கிட்டாரு. வீட்ல பால் தீர்ந்துபோச்சு. வந்தவரை வெறும் வாயோட அனுப்பக் கூடாதுன்னு மாதவி அதையே ஆத்தி ரெண்டு கிளாஸ்ல ஊத்திட்டாங்க. மருந்துதானே, டாக்டருக்கு என்ன ஆகப் போகுதுன்னு நெனச்சாங்களாம்."

பாதியே ஒரு ஆளைச் சாய்க்கும். ஆனாலும் யோகேந்திரன் சிரித்தான்.

"குடிச்சா குடிச்சதுதான். எனக்குத்தான் குடல்ல புண்ணே இல்லையே."

சொல்லி முடிப்பதற்குள் வயிறு பிசைந்தது.

கொஞ்ச நாளாகவே பிசைகிறது. கழிவறையில் ரத்தம் பார்த்தான். மூல நோயாக இருக்கும் என்று தள்ளிவிட்டான். ஊரார் குடலுக்கெல்லாம் மருந்து தேடியவன் தன் குடலை ஒரு தடவை பார்த்துக்கொள்ளவில்லை.

நெற்றி வியர்த்தது.

"ஏசி ஹால்ல வேர்க்குதே, டாக்டர்?" ரதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என்கிட்ட ஆதாரம் ஒண்ணும் இல்ல. உள்ள இருந்தது மருந்துதான்னா தாராளமா வீட்டுக்குப் போங்க. விஷம்னா பேரைச் சொல்லுங்க. ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்குது."

"நீங்க என்னை மிரட்டுறீங்க."

"நான் சும்மாதான் உட்கார்ந்திருக்கேன். மிரட்டுறது உங்க வயிறு."

சொன்னால் ஜெயில். சொல்லாவிட்டால் சுடுகாடு.

அடுத்த வலி வந்தது. இரண்டாக மடிந்து தரையில் விழுந்தான். விஷத்தின் பேர், கலந்த இடம், மூடி மறைத்த சாவு... எல்லாம் வாயிலிருந்து கொட்டியது.

"காப்பாத்துங்க... அது திறந்துடுச்சு..."

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது ரதி குனிந்தாள்.

"தப்பாம புண்ணுக்குப் போய்ச் சேரும்னு இப்பத்தானே மேடையில சொன்னீங்க? கை தட்டினவங்க ஏமாறல லா, டாக்டர்."